வைரஸின் மடிப்பும் ஸ்ரீரங்கத்துக் கல்யாணமும்

திருச்சிக்கு நான் பூர்வீகம் தேடிப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவிலிருந்து ஒரு தமிழச்சி அந்த விமான நிலையத்தில் இறங்கினால், தாத்தா எந்த ஊர், எந்தக் கோயிலுக்கு வேண்டுதல், பட்டு எந்தக் கடையில் எடுக்கப்போகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை. என் கையில் இருந்தது ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி. அதற்குள் ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவே சுண்டுவிரல் நுனி உயரத்தில் சில பிளாஸ்டிக் குப்பிகள். அவ்வளவுதான் என் யாத்திரை.

பினாங்கில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். புற்றுநோயோடு சம்பந்தப்பட்ட வைரஸ்கள் நம் செல்லுக்குள் எப்படி மடிந்து கிடக்கின்றன என்று பார்ப்பது என் பிழைப்பு. மெஹருன்னிசா என்ற தென்னூர்ப் பெண் திருச்சியில் ஒரு கல்லூரியில் அதே வேலையைத்தான் செய்கிறாள், முனைவர் பட்டத்துக்காக. அவள் எடுத்துக்கொண்டது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ். இரண்டு வருடமாகக் கணினித் திரையில் மட்டும் பார்த்துப் பழகிய முகம்.

அந்த வைரஸின் மரபணுச் சரம் ஒரு வளையம். ஏறக்குறைய எட்டாயிரம் எழுத்துகள் கொண்டது. ஆனால் அது வளையல் போல விரிந்து கிடப்பதில்லை. வைரஸ் சத்தம் போடாமல் இருக்கிற செல்லில் அந்த வளையம் மடிந்து, தூரத்தில் இருக்கிற இரண்டு இடங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். தொட்டுக்கொண்டிருக்கும் வரை, செல்லைக் கெடுக்கிற மரபணுக்கள் வாயை மூடிக்கொண்டிருக்கும். தொடுகை விட்டுப்போனால் அவை பேச ஆரம்பித்துவிடும். தன் ஊர் நோயாளிகளின் கட்டிகளில் அந்தத் தொடுகை விட்டுப்போயிருக்கிறது என்பது மெஹரின் கணிப்பு.

அதைக் கண்டுபிடிக்கும் வழி காகிதத்தில் சுலபம். செல்லை இருந்தது இருந்தபடி உறையவைத்து, ஓர் என்சைமால் சரத்தை வெட்டி, இன்னோர் என்சைமால் பக்கத்தில் இருக்கும் நுனிகளை ஒட்ட வேண்டும். தொட்டுக்கொண்டிருந்த இடங்கள் என்றால் ஒட்டிக்கொள்ளும், ஜெல் என்கிற கூழ்த் தகட்டில் ஓட விட்டால் ஒரு கோடாகத் தெரியும். வைரஸ் அடங்கிக் கிடக்கிற சாதாரணச் செல்லில் கோடு வர வேண்டும், கட்டிச் செல்லில் வரக் கூடாது. மெஹர் இரண்டு முறை செய்து பார்த்தாள். இரண்டு முறையும் எதிலுமே கோடு வரவில்லை. மடிப்பு இல்லாததால் வரவில்லையா, கைவேலை சரியில்லாததால் வரவில்லையா என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. அவள் வரவழைத்த என்சைம்கள் வழியில் எங்கோ வெயிலில் கிடந்து, வெந்நீரில் மிதந்துகொண்டு வந்து சேர்ந்திருந்தன.

அந்த மாதத்தோடு அவளுடைய உதவித்தொகைக் காலம் முடிகிறது. அந்த அத்தியாயத்தை விட்டுவிட்டு மற்றதை எழுதிக் கொடுத்துவிடு என்று அவளுடைய வழிகாட்டி சொல்லிவிட்டார். மற்றதெல்லாம் வழிகாட்டி கொடுத்த கேள்விகள், இது ஒன்றுதான் மெஹர் தானாகக் கேட்ட கேள்வி. நானும் பெரிய மனுஷியாக, பரவாயில்லை, பட்டம் வந்தால் போதாதா என்று எழுதினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "எனக்கு அந்தக் கோடு வேணுங்க மேடம்." அதற்குமேல் பினாங்கில் உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வரவில்லை. அனுமதிக் காகிதங்களையும் என்சைம்களையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சுங்கத்தில் ஓர் அதிகாரி பெட்டியைத் தட்டிப் பார்த்து இந்தியில் ஏதோ கேட்டார். பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்தார்: எல்லாரும் இங்கிருந்து பூவை அங்கே கொண்டுபோவார்கள், நீங்கள் என்ன அங்கிருந்து இங்கே கொண்டுவருகிறீர்கள் என்கிறார். நான் சிரித்துக் காகிதங்களை நீட்டினேன்.

வெளியே மெஹர் நின்றாள். திரையில் பார்த்ததைவிடக் குட்டையாக இருந்தாள், என்னைப் பார்த்து அவளும் அதையே நினைத்திருப்பாள். கூட்டிக்கொண்டு போக செந்தில் என்கிற டிரைவர். விடியற்காலையில் மல்லிகைப்பூப் பெட்டிகளை விமானத்துக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, திரும்பும்போது பயணிகளை ஏற்றிக்கொண்டு போவது அவர் வழக்கம். பினாங்கில் நாங்கள் வாங்கும் மல்லிகை முழம் இவர் கையைத் தாண்டித்தான் வருகிறது என்பதில் எனக்கு ஒரே சந்தோஷம். முதலில் பசியாறலாம் என்றேன். அந்தச் சொல் செந்திலுக்குப் பிடித்துப்போய், "பசியாறலாங்க்கா, பசியாறலாம்" என்று மன்னார்புரம் வரை சொல்லிக்கொண்டே ஓட்டினார்.

மன்னார்புரத்தில் ஒரு ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டேன். நெய் என்றால் அப்படி ஒரு நெய். எங்கள் ஊர் ரொட்டி சானாயை விட்டுக்கொடுக்காதவள் நான், ஆனாலும் அந்தப் பொங்கலுக்கும் கத்தரிக்காய் கொத்சுக்கும் முன்னால் வாயைத் திறக்கவில்லை, சாப்பிடுவதற்குத் தவிர. மெஹர் மட்டும் இட்லியைப் பிய்த்துக்கொண்டே டிக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியை உள்ளே எடுத்து வரலாமே என்று இரண்டு தடவை சொன்னாள். டிக்கியை விட்டு அது எங்கே ஓடப்போகிறது என்று நான்தான் அடக்கினேன்.

ஓடிவிட்டது. கல்லூரியில் இறக்கிக்கொண்ட பெட்டியை ஆய்வுக்கூடத்து மேசைமேல் வைத்து டேப்பைக் கிழித்தால், உள்ளே இரண்டு கல்யாண மாலைகள். ரோஜாவும் மல்லிகையும் துளசியும் கட்டி, ஐஸ் மேல் சுருட்டி வைத்த, கழுத்து கொள்ளாத பெரிய மாலைகள். அறையெல்லாம் வாசம். செந்தில் டிக்கியில் அதே அளவில், அதே பழுப்பு டேப் ஒட்டிய இன்னொரு வெள்ளைப் பெட்டி இருந்ததை நான் பார்த்திருந்தேன். இந்த ஊரில் ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி என்றால் பூ என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மெஹர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் உட்காருவதற்கு முன்னால், பூ வாடாமல் இருக்க மூடியைத் திரும்ப மூடினாள். அந்த ஒரு காரியத்துக்காகவே அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

செந்திலின் போன் அணைந்து கிடந்தது. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டியவர், தூங்கப் போயிருப்பார். காலையில் பேச்சுவாக்கில் அவர் ஸ்ரீரங்கத்துக் கல்யாணம் ஒன்று இருக்கிறது என்று சொன்னது மெஹருக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவுதான் எங்களுக்கிருந்த துப்பு. பூப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம்.

தமிழ்நாட்டில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. பினாங்கில் கட்டணம் உண்டு, பஸ் வருவதுதான் சந்தேகம். கண்டக்டர் எங்கள் கையில் இலவசச் சீட்டைத் திணித்துவிட்டு, பூவுக்கும் இலவசமா என்று சட்டத்தில் எழுதவில்லையே என்றார். வாசம் பரவியதும் பஸ் முழுவதும் விசாரணையில் இறங்கியது. கல்யாணம் யாருக்கு? பெண் வீட்டுக்காரர்களா, மாப்பிள்ளை வீடா? நான் உண்மையைச் சொன்னேன். சொன்னதும் பின்சீட்டு வரை உச் கொட்டினார்கள். துளசி வைத்துக் கட்டியிருப்பதால் ஐயங்கார் வீட்டுக் கல்யாணமாகத்தான் இருக்கும் என்று ஓர் அம்மா அடித்துச் சொன்னார். ஆளுக்கொரு மண்டபத்தின் பெயர் சொன்னார்கள். ஒருவர் தன் மச்சானுக்குப் போன் போட்டே விட்டார்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது செந்தில் கூப்பிட்டார். பாலத்துக்கு அடியில் தண்ணீர் கரை கொள்ளாமல் போய்க்கொண்டிருந்தது, பின்னால் மலைக்கோட்டை. நான் எதையும் ரசிக்கும் நிலையில் இல்லை என்று எழுதினால் அது பொய். ரசித்தேன், பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே ரசித்தேன். மெஹர் போனில் கேட்டுக்கொண்டு, உத்திர வீதி மண்டபமாம், இறக்கி ரொம்ப நேரம் ஆகிவிட்டதாம் என்றாள். அவள் குரல் உள்ளே போய்விட்டிருந்தது. வெயில் அந்த நேரத்துக்கே மண்டையைப் பிளந்தது. திறந்த பெட்டியில் அந்த என்சைம்கள் எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். 

மண்டபத்து வாசலில் மடிசார் கட்டிய ஒரு மாமி, யாரிடமும் சொல்ல முடியாத ஒரு கவலையோடு இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தார். பெண்ணின் அம்மா. பெயர் கோமளா. எங்கள் பெட்டியைத் திறந்து காட்டினோம். மாமி மாலையைப் பார்த்தார், பெருமாளே என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார், மெஹரின் கன்னத்தைத் தடவினார். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு வர வேண்டிய மாலை வரவில்லை என்பதை வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் இவ்வளவு நேரம் விழுங்கி வைத்திருந்திருக்கிறார்.

எங்கள் பெட்டி எங்கே என்று கேட்டேன். மாமியின் முகம் மாறியது. "அது உங்களோடதா? மாப்பிள்ளையாத்துப் பெட்டின்னா நெனச்சுண்டிருக்கோம்" என்றார்.

நடந்தது இதுதான். செந்தில் பெட்டியை இறக்கிய அதே நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வேனும் வந்து நின்றிருக்கிறது. பெண் வீட்டார் பெட்டியைத் திறந்து பார்த்தால், ஐஸுக்குள் குட்டிக் குட்டிக் குப்பிகள். சம்பந்திக்குச் சர்க்கரை வியாதி என்று ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. அவருடைய மருந்தாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். இது உங்கள் மருந்தா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்தது விஷயம். ஆனால் கல்யாண வீட்டில், நாலு பேர் நடுவில், சம்பந்தியின் வியாதியைப் பற்றி எந்தப் பெண் வீட்டார் வாயைத் திறப்பார்கள்? கேட்காமலே மரியாதை செய்துவிட்டார்கள். மூடியின் நான்கு மூலைக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, ஐஸோடு வந்த பொருள் ஐஸிலேயே இருக்கட்டும் என்று, சமையல்கட்டுக்குப் பின்னால் ஐஸ்கிரீம் வைத்திருந்த பெரிய ஃப்ரீசரில் பெட்டியோடு இறக்கி, பக்கத்தில் ஒரு சித்தப்பாவை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவரும் விசிறிக்கொண்டே காவல் காத்துக்கொண்டிருந்தார்.

ஃப்ரீசரின் பக்கத்தில் குளிர் காட்டும் முள் இருந்தது. மெஹர் குனிந்து படித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்த என்சைம்களை எந்தக் குளிரில் வைப்போமோ, முள் அதை ஒட்டியே நின்றது. வெனிலா டப்பாக்களுக்கு நடுவே குங்குமப் பொட்டோடு பெட்டி சொகுசாக உட்கார்ந்திருந்தது. நான் சிரிக்க ஆரம்பித்தேன், நிறுத்த முடியவில்லை. சித்தப்பா எழுந்து நின்று, ஏதாவது தப்பாகிவிட்டதா என்று பயந்து கேட்டார். தப்பே இல்லை, நீங்கள் நல்லா இருக்கணும் என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன்.

சாப்பிடாமல் விடுவார்களா? பெட்டி ஃப்ரீசரிலேயே இருக்கட்டும் என்று எங்களை இலை முன்னால் உட்கார வைத்தார்கள். ரசத்துக்கு அங்கே சாத்தமுது என்று பெயர், பாயசத்துக்குத் திருக்கண்ணமுது. அக்காரவடிசில் என்று ஒன்று வந்தது. அதைப் பற்றி எழுதப் போனால் இந்தக் கட்டுரை அதோடு நின்றுவிடும். எனக்கு மூன்று தடவை பரிமாறினார்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

மாமி எங்கள் எதிரில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, அந்தக் குப்பியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டார். மெஹர் இலையிலிருந்த கையை எடுக்காமலே விளக்கினாள். வைரஸின் சரம் நீளம், அது செல்லுக்குள் மடிந்து கிடக்கிறது, ஓர் இடமும் தூரத்து இன்னோர் இடமும் சேர்ந்திருந்தால் வியாதியைக் கிளப்புகிற பகுதி மூடிக் கிடக்கும், மடிப்பு விட்டால் திறந்துகொள்ளும். மாமி ஒரு நிமிஷம் யோசித்தார். தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"கொசுவம்னு சொல்லு. ஒம்பது கெஜம் கட்டிண்டு ஒரு கொசுவம் நழுவினா போறும், மானம் போயிடும்."

பந்தியே சிரித்தது. மெஹரும் சிரித்தாள், அன்று முதல்முறையாக. நழுவியிருக்கிறதா இல்லையா என்று பார்க்கத்தான், மாமி, அந்தக் குப்பி என்றாள். பிறகு மாமி குரலைத் தாழ்த்தி, கல்யாணப் பெண்ணுக்கு ஒரு தங்கை இருக்கிறாள், பள்ளிக்கூடம் படிக்கிறாள், இது வராமல் தடுக்க ஏதாவது உண்டா என்று கேட்டார். தடுப்பூசி இருப்பதை மெஹர் பொறுமையாகச் சொன்னாள். கல்யாணம் முடிந்த கையோடு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதாக மாமி சொன்னார்.

செந்தில் வண்டியோடு வந்து, தலையைத் தூக்க முடியாமல் நின்றார். அவரையும் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பிட வைத்த பிறகுதான் எங்களை விட்டார்கள். பெட்டி நிறையப் புது ஐஸ். இந்த முறை மெஹர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் நான் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனால், மெஹர் என்னை ஒரு சோதனைக் குழாயைக்கூடத் தொட விடவில்லை. "நீங்க தொட்டா நீங்க செஞ்சதுன்னு சொல்லிருவாங்க மேடம். நல்லா வந்தாலும் சரி, வராட்டியும் சரி, என் கையாலதான் செய்யணும்" என்றாள். கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அவள் இடத்தில் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். வெட்டுவது ஒரு நாள், ஒட்டுவது ஒரு ராத்திரி, சுத்தம் செய்வது இன்னொரு நாள். வேலையில்லாத விஞ்ஞானியாக நான் ஊர் சுற்றக் கிளம்பினேன்.

மலைக்கோட்டை ஏறினேன், பாதியில் உட்கார்ந்து என் மூட்டுகளோடு சமாதானம் பேசினேன். மன்னார்புரத்துப் பொங்கலை இன்னொரு முறை விசாரிக்கலாம் என்று சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி, ஜன்னல் காற்றில் கண்ணயர்ந்துவிட்டேன். கண் விழித்தால், மன்னார்புரத்தைத் தாண்டி, தொழிற்சாலைகள் நிறைந்த திருவெறும்பூர். ஷிஃப்ட் முடிந்த கூட்டம் திமுதிமுவென்று ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு தொழிற்சாலைக்கார அம்மா என் கதையைக் கேட்டுவிட்டு, தன் டிபன் டப்பாவில் மிச்சமிருந்த எலுமிச்சம்பழச் சாதத்தை நீட்டினார். எங்கள் ஊர் பஸ்ஸில் தெரியாத ஆள் சோறு நீட்டினால் நான் போலீசைக் கூப்பிட்டிருப்பேன். இங்கே வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஊறுகாய் இருக்கிறதா என்றும் கேட்டேன்.

சாயங்காலம் தென்னூரில் மெஹர் வீட்டில் பிரியாணி. அவளுடைய அத்தா மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசாத மனிதர். மெஹர் அடுக்களைக்குப் போன நேரம் பார்த்து, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்தார்.

"அந்தக் கோடு வரலேன்னா, என் மக தப்பா செஞ்சுட்டான்னு அர்த்தமாங்க?"

இல்லை என்றேன். அது உண்மைதான். ஆனால் ஆய்வேட்டைப் படிக்கிறவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள் என்பதும் உண்மை, அதை அவரிடம் எப்படிச் சொல்வது? தட்டைப் பார்த்துக்கொண்டு பிரியாணியைக் கிளறினேன். பிறகு சாப்பிட்டும் முடித்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் திருச்சியில் இருந்த கடைசி நாள். மதியம் ஜெல்லை ஓட விட்டுவிட்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மெஹர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தேன், எனக்குப் பயம் வந்தால் அப்படித்தான். சாதாரணச் செல்லும் கட்டிச் செல்லும் அடுத்தடுத்து வருகிற மாதிரி, தனித்தனியாக மூன்று முறை செய்து வைத்திருந்தாள். நேரமானதும் ஜெல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு இருட்டறைக்குள் போனாள். நான் பின்னால் போனேன். கண்ணாடிமேல் வைத்து விளக்கைப் போட்டாள்.

முதலில் கீழ்வரிசையைப் பார்த்தேன். கைவேலை சரி என்று காட்ட எல்லாத் தடத்திலும் வந்தே தீர வேண்டிய சோதனைக் கோடு, ஒன்று தவறாமல் வந்திருந்தது. மூச்சு விட்டேன். பிறகு மேலே. சாதாரணச் செல்லின் தடத்தில் மெல்லிய ஒரு கோடு, நகக்கீறல் அளவு, ஆனால் பளிச்சென்று. அடுத்த சாதாரணச் செல்லிலும், அதற்கடுத்ததிலும். தூரத்து இரண்டு இடங்களும் தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்கின்றன, அவள் கை அதைப் பிடித்துவிட்டது. நான் சத்தம் போட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன். மெஹரைக் கட்டிக்கொண்டேன். என் கண்ணாடியெல்லாம் நனைந்து ஒன்றும் தெரியவில்லை.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கோட்டை அவள் பார்க்கவே இல்லை. அதற்குப் பக்கத்தில், கட்டிச் செல்லின் தடத்தில், கோடு இருக்க வேண்டிய உயரத்தில் விரலை வைத்திருந்தாள். அங்கே ஒன்றுமில்லை. அடுத்த கட்டித் தடத்துக்கு விரலை நகர்த்தினாள், அங்கேயும் ஒன்றுமில்லை. மூன்றாவதிலும் இல்லை. முகம் முழுக்கச் சிரிப்பு.

"மேடம்," என்றாள், "இப்ப மடிப்பு இல்லைன்னு சொல்லலாங்க."